பதின்மூன்றாவது வரி

அலுவலகத்தில் அவளுக்குக் கட்டம்மா என்று பேர். நாள் முழுக்கக் கட்டம் போடுகிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பேர். கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்தால் எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும், அதை அழுத்தினால் அடுத்து எந்தத் திரை வரவேண்டும், அதில் என்ன எழுதியிருக்கவேண்டும் என்பதையெல்லாம் முதலில் காகிதத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்துவிட்டுத்தான் கணினியைத் தொடுவாள். மூன்றாம் மாடியில் ஒரே நீள அறை. அதில் பதினோரு பேர். பெரும்பாலும் அவள் வயதில் பாதி. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நடமாடுகிறவள் அவள் ஒருத்திதான். தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் ஒருநாள் அவளிடம் வந்து, கதவு சரியாக மூடமாட்டேன் என்கிறது, கொஞ்சம் சீவி விடுங்களேன் என்று கேட்டிருக்கிறார். தச்சு வேலைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார்.

அந்த அறையில் உருவாகிக்கொண்டிருந்தது ஒரு சந்தாச் செயலி. படம் பார்க்க ஒரு சந்தா, பாட்டுக் கேட்க ஒன்று, பிள்ளையின் கணக்குப் பாடத்துக்கு ஒன்று, உடம்பைக் குறைக்கிற வேகத்தில் சேர்ந்து மூன்றே நாளில் மறந்துபோன உடற்பயிற்சிக்கு ஒன்று என்று ஆளாளுக்கு ஏழெட்டு இருக்கிறது. மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். எதற்குப் போகிறது என்று வீட்டில் ஒருத்தருக்கும் முழுசாகத் தெரியாது. இந்தச் செயலி வங்கியின் குறுஞ்செய்திகளைப் படித்து, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கிக் காட்டும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'நிறுத்து' என்று ஒரு பொத்தான். ஒரே அழுத்து. கெஞ்சாது, சலுகை காட்டி மயக்காது. நிறுத்திவிடும்.

அந்தப் பொத்தானுக்காகத்தான் கட்டம்மா இந்த வேலைக்கு வந்தாள்.

இருபத்து மூன்று வயதில் அவள் முதன்முதலாகப் போய்ச் சேர்ந்தது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் அழைப்பு மையத்தில். சந்தாவை நிறுத்தக் கூப்பிடுகிறவர்களை நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பிரிவின் வேலை. மேசையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வாடிக்கையாளர் மூன்று முறை 'வேண்டாம்' என்று சொன்னால்தான் நிறுத்த அனுமதி. முதல் வேண்டாமுக்குக் காரணம் கேட்கவேண்டும். இரண்டாவதுக்குச் சலுகை. மூன்றாவதுக்கு வருத்தம், உங்களை இழப்பதில் எங்களுக்கு ரொம்ப வருத்தம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லவேண்டும். அவளுக்கு இயல்பிலேயே குழைவான குரல். பத்தில் ஏழு பேர் இரண்டாவது வேண்டாமோடு விழுந்துவிடுவார்கள். மாதக் கடைசியில் பலகையில் அவள் பேரை எழுதிக் கைதட்டுவார்கள்.

ஒருநாள் பிற்பகல் ஒரு பெண் கூப்பிட்டாள். கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு செய்தி அனுப்பும் சந்தா அது. இந்த வாரம் குழந்தைக்குக் கண்ணிமை முளைத்திருக்கும், இந்த வாரம் விரல் மடக்கும் என்று வரும். நிறுத்திவிடுங்கள் என்றாள் அந்தப் பெண். காரணம் கேட்கவேண்டுமே, கேட்டாள். "குழந்தை தங்கலைங்க" என்று பதில் வந்தது. தாளில் அடுத்த வரி சலுகை. மேற்பார்வையாளர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கட்டம்மா வாசித்தாள். அடுத்த மூன்று மாதம் உங்களுக்கு இலவசம் என்று வாசித்தாள். பிறகு அந்தப் பெண், "சரிங்க, நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றைய கணக்கில் அது ஒரு வெற்றி. கண்ணிமையும் விரலும் அந்த வீட்டுக்கு வாராவாரம் போய்க்கொண்டிருந்திருக்கும்.

அவள் திட்டியிருந்தால் கட்டம்மா மறந்திருப்பாள். நன்றி சொன்னாள் பாருங்கள், அதுதான் தொண்டையில் நின்றுவிட்டது.

வாயால் ஏமாற்றுவதைவிடத் திரையில் எழுதுவது நாணயமாக இருக்கும் என்று நம்பி, அதே நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். படித்தாள், வரைந்து பழகினாள். அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை என்ன? மேசையில் ஒட்டியிருந்த அதே தாளைத் திரையாக மாற்றுவது. நிறுத்தும் பொத்தானை வெளிறின சாம்பல் நிறத்தில் சின்னதாக வை. 'தொடர்கிறேன்' என்பதைப் பச்சையில் பெரிதாக வை. இரண்டும் இடம் மாறி மாறி வரட்டும். வெளியாட்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். ஐந்தில் மூன்று பேர் நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்துவிட்டால் திரை சரியில்லை, திரும்ப வரை என்பார்கள். ஆறு வருஷம் வரைந்தாள். கண்ணாடியில் ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரோ தலையில் கட்டிவிட்ட பாட்டுச் சந்தா ஒன்றை நிறுத்த அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் முகம் சிவந்து, கைப்பேசியை அவளிடம் நீட்டினார்.

"இதைச் செஞ்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, லிஃப்டுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டு, ஏன் வெளிய வரணும்னு மூணு தடவை கேப்பேன்."

வாங்கிப் பார்த்தாள். அவள் வரைந்த திரை.

"நான்தான் செஞ்சேன்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளறையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை, அதாவது அவள் மாமியார், "அப்ப நிறுத்தறது எப்படின்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், அவகிட்டயே குடுடா" என்றார். கட்டம்மாவுக்கு அதுவும் தெரியவில்லை. அவள் வரைந்து கொடுத்த பிறகு யாரோ இன்னும் இரண்டு திரை சேர்த்திருந்தார்கள்.

அன்றைக்குக் கணவரிடம் ஒரு வார்த்தை கொடுத்தாள். ஆளைப் பிடித்துவைக்கிற திரையை இனி என் கையால் வரையமாட்டேன் என்று. மறுமாதம் வேலையை விட்டாள். ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகுதான் இந்த மூன்றாம் மாடி.

இங்கே முதலாளிக்கு வயது முப்பத்தொன்று. அவளை அக்கா என்பார். நாலு பேர் இருக்கும்போது அவள் அவரைச் சார் என்பாள், தனியாக இருந்தால் தம்பி. நேர்காணலில் பழைய கதை மொத்தத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். கன்னத்தில் கையை ஊன்றிக் கேட்டுவிட்டு, உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். அவள் அதை நல்ல விதமாகவே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள், அப்படிக் கேட்கிற முகம் அவருக்கு.

செயலி வெளியாகப் பதினெட்டு நாள் இருந்தபோது ஒரு வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமைதோறும் இங்கேயும் வெளியாட்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். கையில் செயலியைக் கொடுத்து, இதைச் செய்யுங்கள் என்று ஒரு வேலை சொல்வார்கள். வந்தவர் மனசில் தோன்றுவதை வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்யவேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் கட்டம்மா குறிப்பெடுக்கலாம், உதவக்கூடாது. ஐந்தில் மூன்று பேர் தடுக்கினால் திரை மாறும். தடுக்கினால் மாறும் என்ற அந்த விதியைக் கேட்டபோது, முதல் வாரத்திலேயே அவளுக்கு இந்த இடம் பிடித்துப்போயிற்று.

அன்றைக்கு வந்தவர்களில் ஒருத்தர் கீழ்த்தளத்தில் நகல் கடை வைத்திருக்கும் அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, பட்டியலில் தன்னுடைய சந்தாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மருமகன் பேரில் இரண்டு இருந்ததைக் கண்டுபிடித்து, "ஓஹோ, மாப்பிள்ளை சினிமா பாக்கறது என் காசுலயா" என்று அப்போதே நிறுத்தினார். எல்லோருக்கும் சிரிப்பு. சரியாக ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டார். முடித்தவர் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை.

"முதல் மாசம் ஃப்ரீ, அப்புறம் இதுக்கும் மாசாமாசம் பணம் உண்டுன்னு சொன்னீங்களே. அது இந்த லிஸ்ட்ல எங்க?"

யாரும் பதில் சொல்லக்கூடாது. அவரே தேடினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார், மூலையில் மூன்று கோடு போட்டிருந்த பொத்தானை அழுத்திப் பார்த்தார். ஏழு நிமிஷம் ஆயிற்று. கட்டம்மாவின் பென்சில் தாளில் நின்ற இடத்திலேயே நின்றது.

"ஊர்ல இருக்கற எல்லாரையும் நிறுத்தலாம், உங்கள மட்டும் நிறுத்த முடியாது, அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் எழுந்தார்.

கட்டம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தப்பு அவளுடையதுதான். மாதிரிப் பட்டியலுக்கு அவள் பன்னிரண்டு வரி வரைந்திருந்தாள். பாட்டு, படம், பாடம், பத்திரிகை என்று பன்னிரண்டு கற்பனைச் சந்தாக்கள். எட்டு மாதமாக அந்தப் பன்னிரண்டையே பார்த்துப் பார்த்து, அவற்றின் உயரத்தையும் எழுத்தின் பருமனையும் சரிசெய்துகொண்டிருந்தவளுக்கு, தாங்களும் ஒரு சந்தாதான் என்பது ஒருநாளும் தோன்றவில்லை. திரை வரைகிறவர்கள் செய்யும் தப்பு இது. தான் வரைகிற படத்துக்குள் தான் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை.

அரை மணி நேரத்தில் பதின்மூன்றாவது வரியை வரைந்துவிட்டாள். செயலியின் பேர், அடுத்து பணம் போகும் தேதி, பக்கத்தில் மற்ற பன்னிரண்டுக்கும் இருக்கும் அதே பொத்தான், அதே நிறம், அதே அளவு.

இந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. திரையில் ஒரு புள்ளியை மாற்றினாலும் மஞ்சள் சீட்டு எழுதிச் சுவர்ப் பலகையில் ஒட்டவேண்டும். சீட்டில் மூன்று கட்டம்: என்ன, ஏன், யார். மூன்றும் நிரம்பாத சீட்டை நிரல் எழுதுகிறவர் தொடமாட்டார். எழுதிய காரணத்தை யாராவது மறுத்துப் பக்கத்தில் ஒட்டினால், அதற்குப் பதில் வரும்வரை அந்தக் கட்டம் காலி என்றே கணக்கு. சீட்டு இல்லாமல் நடந்த மாற்றத்தைக் கண்டால் யார் வேண்டுமானாலும் பழையபடி திருப்பிவிடலாம். வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி பலகையைப் படமெடுத்து, முதலீடு போட்டவர்களுக்கு அனுப்புவார். 'எங்களிடம் ஒளிவுமறைவு கிடையாது' என்று மேலே ஒரு வரியும் போடுவார். விதியெல்லாம் அவர் போட்டதுதான்.

கட்டம்மா சீட்டு எழுதினாள். என்ன: நம் செயலியும் பட்டியலில் வரவேண்டும். ஏன்: நம்முடையதும் சந்தாதான். யார் என்ற கட்டத்தில் கையெழுத்து. நிரல் எழுதுகிறவர், எதைக் கேட்டாலும் 'ம்ம்' என்பதோடு நிறுத்திக்கொள்வதால் ம்ம் என்றே பேரெடுத்தவர், சீட்டைப் படித்து, ம்ம் என்று சொல்லி, சாயங்காலத்துக்குள் வரியைச் சேர்த்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அந்த வரி இல்லை.

முதலாளியின் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த வரி எங்கே போயிற்று என்று கேட்டாள். எடுக்கச் சொன்னதாக அவர் சாதாரணமாகச் சொன்னார். வெளியீடு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். முடிந்ததும் போடுவீர்களா என்று கேட்டதற்கு, நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நாமளும் பொழைக்கணும் இல்லக்கா? ரெண்டாம் மாசம் காசு கட் ஆகறப்ப லிஸ்ட்ல நம்ம பேரும் இருந்தா, முதல்ல நம்மளத்தான் வெட்டுவாங்க."

"வெட்டட்டுமே தம்பி. வேணுங்கறவங்க இருக்கப்போறாங்க."

அதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும் என்றார் அவர். ஆனால் அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வழியே இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது, அதனால் உள்ளே எங்காவது ஒரு வழி வைத்துவிடலாம் என்றார்.

"ஒரு மூணு ஸ்கிரீன் போடுங்க. பழைய கம்பெனில போட்டீங்களே, அந்த மாதிரி. காரணம், ஆஃபர், அப்புறம் அந்த வருத்தம். அதுல உங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது. உங்கள வேலைக்கு எடுக்கறப்பவே அத மனசுல வெச்சுதான் எடுத்தேன்."

அவள் வெட்கப்பட்டுச் சொன்ன கதையை, அழுகை வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன கதையை, இந்தப் பிள்ளை ஒரு தகுதிச் சான்றிதழாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. குழந்தை தங்கவில்லை என்று சொன்ன பெண்ணின் கதையைக்கூட. காது மடல் இரண்டும் சுடுவது அவளுக்கே தெரிந்தது.

"ஜனங்க நம்மகிட்ட எதுக்குத் தம்பி வராங்க? எவன்கிட்டயோ மாட்டிக்கிட்டு வெளிய வரத் தெரியாம வராங்க. கதவு காட்டறேன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து, நீங்க இன்னொரு ரூமுக்குள்ள விட்டுப் பூட்டறீங்க. அவனாவது நான் நல்லவன்னு போர்டு மாட்டல."

"கோபப்படாதீங்க. நீங்க வரையலன்னா வெளிய ஒருத்தர் அரை மணி நேரத்துல வரைஞ்சு குடுத்துடுவார்."

அது உண்மை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தை இரண்டு மடங்காக்கியது. மேற்கொண்டு பேசினால் குரல் உடைந்துவிடும் என்று வெளியே வந்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டில் பாத்திரம் விழுகிற சத்தத்திலேயே அத்தைக்கு விஷயம் எட்டிவிட்டது. வேலையை விட்டுவிட்டாளா, விடப்போகிறாளா என்று மட்டும் மகனிடம் சைகையில் கேட்டார். கட்டம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நாளைக்கே கடிதத்தை முகத்தில் எறிந்துவிட்டு வரப்போவதாகச் சொன்னாள். கணவர் கை கழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் கிரீஸ் லேசில் போகாது. அவர் நிதானமாகத் தேய்த்துக்கொண்டே கேட்டார். அவள் விட்டுவிட்டு வந்தால் அந்தச் செயலி நின்றுவிடுமா? நிற்காது. வரி இல்லாமலே வெளியே போகும். பிறகு அவளுக்கு மிஞ்சுவது கோபம் ஒன்றுதான், அதை வைத்து வாடகை கொடுக்க முடியாது என்றார்.

"அப்ப வாயை மூடிட்டு வரைஞ்சு குடுக்கச் சொல்றீங்களா?"

"யாரு சொன்னா? எங்க வேலையில லிஃப்ட் மேல போகுதா கீழ போகுதான்னு அப்புறம்தான் பாப்போம். உள்ள மாட்டினவன் வெளிய வர வழி இருக்கான்னுதான் முதல்ல பாப்போம். அது இல்லாமலே, லிஃப்ட் சரியா இருக்குன்னு சீல் போடச் சொல்லி எத்தனையோ பில்டிங்காரன் கேட்டிருக்கான்."

"என்ன பண்ணுவீங்க?"

"சரி சார், எழுதிக் குடுங்கம்பேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் எழுதிக் குடுத்ததில்ல."

மறுநாள் காலை கட்டம்மா நேராக ம்ம்-மின் மேசைக்குப் போனாள். வரியை எடுத்ததற்குச் சீட்டு எங்கே என்று கேட்டாள். அவர் நெளிந்தார். சின்ன மாற்றம்தானே, சீட்டு வேண்டாம் என்று முதலாளி வாயால் சொன்னாராம். வீட்டுக் கடன் இருக்கிறது, என்னை எதிலும் இழுக்காதீர்கள் என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. எதிலும் இழுக்கவில்லை, விதியைத்தான் சொல்கிறேன் என்றாள் கட்டம்மா. அவர் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தார். வரி பழையபடி வந்து உட்கார்ந்தது.

மதியத்துக்குள் முதலாளி விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கோபத்தோடு கட்டிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டைக் கிழித்தெடுத்து எழுதினார். என்ன: பதின்மூன்றாவது வரியை நீக்கு. யார்: அவர் கையெழுத்து. நடுவில் இருந்த கட்டத்தில், திரையில் நெரிசல் என்று எழுதினார். கட்டம்மா திரையை அச்செடுத்து, பட்டியலுக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். புதன்கிழமை அவர் அதைக் கிழித்துவிட்டு, பயன்படுத்துகிறவர்களுக்குக் குழப்பம் என்று எழுதினார். அவள் நகல் கடை அம்மாள் ஏழு நிமிஷம் தேடிய குறிப்பை ஒட்டினாள். வரி இல்லாததால் வந்த குழப்பம் என்று அடியில் எழுதினாள். வியாழக்கிழமை 'வணிகத் தேவை' என்று ஒரு சீட்டு வந்தது. அதன் கீழே அவள் எழுதியது ஒரே கேள்வி: என்ன தேவை?

இதற்குள் அறை முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் பலகை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். கணக்குப் பார்க்கும் பெண் ஒரு நாளில் ஒன்பது முறை தண்ணீர் குடித்தாள். முதலாளி ம்ம்-மைத் தனியாகக் கூப்பிட்டு, சீட்டு கிடக்கட்டும், நீங்கள் எடுத்துவிடுங்கள் என்றார். ம்ம் தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த நடுக் கட்டத்த மட்டும் ஃபில் பண்ணிக் குடுத்துடுங்க சார்" என்றார். அவருக்கு வீரம் ஒன்றும் வந்துவிடவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் சீட்டில்லாமல் எடுத்தது அவர்தான் என்று ஆகிவிடுமே என்ற பயம்தான். பயமும் சில நேரம் நல்ல வேலை செய்கிறது.

வெள்ளிக்கிழமை, பலகையைப் படமெடுக்கிற நாள். காலையில் முதலாளி அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். இந்த முறை அக்கா இல்லை.

"மேடம், நீங்க நாளையிலேர்ந்து வர வேணாம்."

"சரி சார். காரணத்த எழுதிக் குடுங்க."

ஒழுங்கீனம் என்று போட்டு ஒரு கடிதம் அச்செடுத்து நீட்டினார். வாங்கிப் படித்தாள். திரை எழுதிப் பழகின கை; சொல் மொட்டையாக இருந்தால் பொறுக்காது. என்ன ஒழுங்கீனம் என்று இதில் இல்லையே என்றாள். அவருக்குப் பொறுமை போய்விட்டது. என்ன எழுதவேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கணினிப் பக்கம் திரும்பி, விரல்களை விசைப்பலகையில் வைத்தார்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். சத்தம் போடவில்லை. அழைப்பு மையத்தில் வாசித்த அதே குரல், ஆனால் அதில் குழைவு இல்லை.

"நம்ம ஆப்பை நிறுத்தறதுக்கு வழி வைக்கணும்னு சொன்னதால வேலைய விட்டு எடுக்கறோம். ஒரே வரிதான் சார். இதுல பொய் எதுவும் இருந்தா சொல்லுங்க, மாத்திக்கலாம்."

அவர் தட்டத் தொடங்கினார். 'நம் செயலியை நிறுத்துவதற்கு' என்ற இடம் வரைக்கும் வந்தார். விரல் நின்றது. கண்ணாடிக்கு வெளியே பத்துப் பேர் அவரவர் திரையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விசை தட்டுகிற சத்தம்கூட இல்லை. அவர் தட்டியதைப் படித்தார். திரும்பப் படித்தார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். சட்டென்று முழுவதையும் அழிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"போங்கக்கா. போய் வேலையப் பாருங்க" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. நீக்கச் சொன்ன சீட்டு மட்டும் மதியத்துக்குள் பலகையிலிருந்து காணாமல் போயிற்று. சாயங்காலம் வேறு தூது வந்தது. வரி இருக்கட்டும், எழுத்தை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கலாமா? முடியாது. நிறம் கொஞ்சம் வெளிறலாக? பன்னிரண்டுக்கும் என்ன நிறமோ அதே. பட்டியலின் கடைசியில் வைக்கலாமா? தேதிப்படி எங்கே வருகிறதோ அங்கே. அடுத்த வாரம் முழுக்க இப்படிச் சின்னச் சின்னதாகப் பேரம் பேசிக்கொண்டேயிருந்தார். ஒவ்வொரு முறையும் அவள் மஞ்சள் சீட்டுக் கட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

செயலி வெளியாயிற்று. வரியோடுதான்.

முதல் மாத இலவசம் முடிந்த மறுநாள் காலை பத்தரை மணிக்கு, முதலாளி மடிக்கணினியைத் திறந்த வாக்கில் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். இந்தத் தருணத்துக்காக ஒரு மாதம் காத்திருந்த நடை அது. ஒரே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பதின்மூன்றாவது வரியின் பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருந்தார்கள். சேர்ந்தவர்களில் ஏழில் ஒருத்தர். திரையை அவள் பக்கம் திருப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க பட்டன் செஞ்ச வேலை. இதுல ஒரு நம்பர் உங்க வீட்டுக்காரரோடது, கவனிச்சீங்களா?"

கவனித்தாள். அவருடைய எண்தான். கடைசி நான்கு இலக்கம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். இத்தனை நாளில் யார்மேலும் வராத கோபம் ஒன்று உச்சந்தலைக்கு ஏறியது. எழுதிக் கொடு என்று வாங்கச் சொன்ன மனுஷன், மாதம் ஒரு காப்பிச் செலவுக்கு மேல் போகாத சந்தாவை முதல் நாளே வெட்டிவிட்டு, காலையில் ஒன்றும் தெரியாதவர்போல டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வாய்வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. முதலாளி அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவள் அதை விழுங்கிவிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து அந்த வரிசையின் நுனியைத் தொட்டாள்.

"அவருக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு போட்டிருக்கு?"

"நாலு செகண்ட்."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் மூணு, நாலு. அதனால என்ன?"

அவள் பட்டியலை மெல்லக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். மூன்று, நான்கு, மூன்று, மூன்று, ஐந்து. இருநூற்றுச் சொச்சத்தில் ஓர் இடத்தில் பென்சில் நின்றது. அங்கே நாற்பத்தொன்று என்று இருந்தது.

"இவரு யாரோ நாப்பத்தோரு செகண்ட் தேடியிருக்கார் தம்பி. எங்க தடுக்கிச்சுன்னு பாக்கணும்" என்று சொல்லி, ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து முதல் கட்டத்தை நிரப்பத் தொடங்கினாள்.